அத்தா விட்டுச் சென்ற கப்பல்கள்



டைட்டானிக் கப்பலின் நீளம் 269 மீட்டர். அதை 200இல் ஒரு பங்காகச் சுருக்கி, உறுப்புகளாகப் பிரித்து, பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வாங்கிவந்து ஒட்டிச் சேர்த்தால் 1 மீட்டர் 34 செ.மீ. நீளமுள்ள கப்பல் ஒன்று கிடைக்கும். அத்தனை மடங்கு சுருங்கிய பிறகும் அது நம் ஊர் வீடுகளின் நிலைக்கதவைக் குறுக்குவாட்டில் கடக்காது. கூடமும் ஓர் அறையும் அடுப்படியும் மட்டுமே கொண்ட எங்கள் வீட்டில் இந்த டைட்டானிக்கையும் சேர்த்து 11 கப்பல்கள் இருந்தன. கட்டி முடிக்கப்பட்டவை 4. பெட்டி பிரிக்கப்படாதவை 7. அனைத்தும் எங்கள் அத்தா சேர்த்தவை. 2024இல் அவர்கள் வஃபாத்தானபோது அவை எங்கள் பொறுப்புக்கு வந்தன.

நாங்கள் மூவர்: இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு பெண். மூத்தவருக்குப் பெரம்பலூரில் வாடகை வீடு, சகோதரிக்கு அரியலூரில் ஆலைக் குடியிருப்பு, இளையவர் துபாயில். எங்கள் அம்மா லப்பைக்குடிக்காட்டில் அதே வீட்டில் இருக்கிறார்கள். பெரிய பொருள்களைச் சிறிய வீட்டில் சேர்ப்பவர்கள் நம் சமுதாயத்தில் பலர் உண்டு. சிலர் கடிகாரம் சேர்க்கிறார்கள், சிலர் கிதாபுகள், சிலர் வெளிநாட்டுப் பீங்கான். அந்தப் பொருள் பிடிக்கும் இடம் யாருடைய இடம் என்ற கேள்வியை அத்தா உயிரோடிருந்தபோது ஒரு விதமாகவும், அவர்கள் போன பின் வேறு விதமாகவும் நாங்கள் சந்தித்தோம். ஆகவே இதை மூவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

லப்பைக்குடிக்காடு வெள்ளாற்றின் தென்கரையில் உள்ளது. அந்த ஆறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. எங்கள் ஊரில் அது பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். கப்பலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு ஆற்று வழியாக வந்ததன்று, பிழைப்பு வழியாக வந்தது. அத்தா 1992 முதல் 2022 வரை 30 ஆண்டுகள் துபாயில் இருந்தார்கள். தேராப் பகுதியில், கடற்கழியின் ஓரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் வேலை. ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகும் மரக்கலங்கள் அங்கே வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். நம்மவர்கள் அவற்றை ‘லாஞ்சு’ என்பார்கள். குளிர்சாதனப் பெட்டிகளும் டயர்களும் அரிசி மூட்டைகளும் ஏற ஏற, லாஞ்சு தண்ணீரில் எத்தனை விரல் இறங்குகிறது என்பதைப் பார்த்தே பாரத்தைச் சொல்லிவிடும் பழைய நாகுதாக்களைப் பற்றி அத்தா நிறையச் சொல்வார்கள். ஒரு கப்பலை முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிடித்தது.

முதல் கப்பலைத் தேர்ந்தெடுத்தது ஆசையன்று, கட்டில். எட்டுப் பேர் தங்கும் அறையில் அத்தாவுக்குக் கிடைத்தது இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு. வளைகுடாவில் இதற்கு ‘பெட் ஸ்பேஸ்’ என்று பெயர். வாடகைக்கு விடப்படுவது அறையன்று, படுக்கை அளவுதான். கட்டிலடியில் ஒரு சூட்கேஸ் வைத்தபின் மிஞ்சும் இடத்தை அளந்து பார்த்து, அதில் அடங்கக்கூடிய ஒன்றை வாங்கினார்கள். அது எம்டன். 118 மீட்டர் நீளமுள்ள அந்த ஜெர்மன் போர்க்கப்பல் 350இல் ஒரு பங்கானால் 34 செ.மீ.தான்.

எம்டனை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்த கப்பல். தந்திரக்காரரை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கையும் விட்டுச் சென்றது. அத்தாவுக்குப் பிடித்தது அதன் பிற்பகுதி. அதே ஆண்டு நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுகளில் எம்டன் அடிபட்டுக் கரைதட்டியபோது, ஏற்கெனவே தீவில் இறங்கியிருந்த சுமார் 50 பேர் அங்கே நின்ற மூன்று பாய்மரங்கள் கொண்ட பழைய கலம் ஒன்றை எடுத்துக்கொண்டு தப்பினார்கள். அந்தக் கலத்தின் பெயர் ஆயிஷா. அதில் சுமத்ராவின் பாடாங்குக்குப் போய், பிறகு வேறு கப்பலுக்கு மாறி, யமனின் ஹுதைதா அருகே இறங்கி, ஜித்தா வழியாக ஹிஜாஸ் ரயிலைப் பிடித்து, 1915 மே மாதம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள். ஆயிஷாவுக்குப் பெட்டி எங்கேனும் கிடைக்குமா என்று அத்தா பல ஆண்டுகள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

இடநெருக்கடியில் கப்பல் சேர்ப்பவர்கள் முதலில் கற்பது, பெட்டியின் அளவும் கப்பலின் அளவும் ஒன்றல்ல என்பதைத்தான். மரத்தால் செய்யப்படும் மாதிரிகளில் மெல்லிய மரப்பட்டிகள் கட்டுக்கட்டாகப் படுத்திருக்கும். பெட்டி தட்டையாக, அடக்கமாக இருக்கும். கட்டக் கட்டக் கப்பல் வளர்ந்து, பாய்மரமும் கயிறுகளும் ஏறி, அலமாரியை விட்டு வெளியே வந்துவிடும். பெரிய பிளாஸ்டிக் மாதிரிகளில் இதற்கு நேர்மாறு. அடிக்கட்டு ஒரே வார்ப்பாக வருவதால், கட்டுவதற்கு முன்பே பெட்டி கப்பலைவிட நீளமாக இருக்கும். எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் அந்த நீளத்தில் ஓர் அங்குலமும் குறையாது. ஆகவே பிரிக்காத பிளாஸ்டிக் பெட்டி வீட்டுக்குச் செய்வது இரட்டிப்புச் சுமை: கண்ணுக்கு அழகும் இல்லை, இடமும் போயிற்று.

இதற்கு உலகம் கண்டுபிடித்த வழிகள் சில உண்டு. ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து நிறுவனங்கள் 1971இல் சேர்ந்து, நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் 700இல் ஒரு பங்காகத் தரும் வரிசையைத் தொடங்கின. அந்த அளவில் டைட்டானிக்கே சுமார் 38 செ.மீ.யில் அடங்கிவிடும். அத்தாவுக்கு அதில் மனம் செல்லவில்லை. கப்பலின் வயிறு தெரியாமல் கப்பலா என்பார்கள். கண் பார்வை மங்கத் தொடங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். கப்பல் கட்டும் தச்சர்கள் முற்காலத்தில் கலத்தின் ஒரு பக்கத்தை மட்டும் செதுக்கிப் பலகையில் பதித்துச் சுவரில் மாட்டுவது உண்டு. இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே இருக்கும், ஒன்று போதும். சுவரிலிருந்து ஒரு சாண்கூட நீளாத இந்த அரைக்கப்பலே சிறிய வீட்டுக்கு மிகப் பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. டென்மார்க்கின் தேவாலயங்களில் கப்பல் மாதிரிகளைக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை ஆண்டவர்கள் அவர்கள். எங்கள் கூடத்தில் கூரையின் நடுவில் இருப்பது மின்விசிறி. அதைக் கழற்றினால் கப்பலுக்கு இடம் உண்டு என்று அத்தா ஒருமுறை சொன்னபோது, அம்மா பதில் சொல்லாமல் விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள்.

ஊருக்குக் கப்பல்கள் விமானத்தில் வரவில்லை, கடல்வழிக் கார்கோவில் வந்தன. பால்மாவு, டேங் பொடி, சோப்பு, போர்வை ஆகியவற்றோடு கப்பல் பெட்டியும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் வரும். சிறிய கப்பல்களை மட்டும் அத்தா விடுமுறையில் வரும்போது கையில் கொண்டுவருவார்கள். பெட்டியின் உள்ளே காற்று மட்டுமே இருக்கும் இடங்களில் எங்கள் மூவருக்கும் காலுறைகளைத் திணித்து அனுப்புவதும் உண்டு. காட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பலின் அடிவயிற்றிலிருந்து பெருநாள் துணி எடுத்த நினைவு சகோதரிக்கு இருக்கிறது.

விடுமுறை நாள்களில்தான் கட்டும் வேலை. அந்தக் காட்டி சார்க் 96இல் ஒரு பங்கு. நீளம் சுமார் 90 செ.மீ. அதை முடிக்க நான்கு விடுமுறைகள் ஆயின. வெயிலில் உடனடிப் பசை கெட்டியாகிவிடும் என்பதால் அது குளிர்சாதனப் பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். பரணில் வைத்த பெட்டிகளைக் கரையான் தேடிவரும். தகரக் கூரையின் கீழ் வைத்தால் பிளாஸ்டிக் வளையும், ஒட்டுப்படங்கள் மஞ்சளாகும். பெரம்பலூர்ப் பக்கத்துச் சித்திரையைச் சமாளிக்கும் பரண் கிடையாது. எனவே பெரிய பெட்டிகள் கட்டிலடிக்கு வந்தன. கட்டில் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியபோது, அம்மா ஏறிப் படுக்க ஒரு மணைப் பலகையும் சேர்ந்தது.

ஆயினும் அத்தா தமக்கென்று சில வரம்புகளை வைத்திருந்தார்கள். மேற்குச் சுவரில் எதுவும் இருக்கக்கூடாது. தொழுகையில் கவனத்தை ஈர்த்த கோலமிட்ட மேலாடையை நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய செய்தி நாம் அறிந்ததே. கயிறும் பாயுமாக நிற்கும் ஒரு கப்பல் அந்த ஆடையைவிட அதிகமாகக் கண்ணை இழுக்கும். ஆகவே கட்டிய கப்பல்கள் யாவும் கிழக்குச் சுவரில், தொழுபவரின் முதுகுக்குப் பின்னால் நின்றன. பெட்டிகளில் வரும் மாலுமிப் பொம்மைகளை ஒட்டுவதில்லை. காட்டி சார்க்கின் முகப்பில் ஒரு சூனியக்காரியின் உருவம் உண்டு, கையில் குதிரைவாலோடு. அது சட்டத்திலிருந்து வெட்டப்படாமலே பெட்டிக்குள் கிடந்தது. கப்பல் உயிரற்ற பொருள். அதன் உருவம் செய்வதில் தடையில்லை என்பதை ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிந்த பின்னரே இரண்டாவது கப்பலை வாங்கியதாகச் சொல்வார்கள். மூழ்கிப்போன டைட்டானிக்கை வீட்டில் வைப்பது நல்லதா என்று கேட்ட உறவினருக்கு, சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

விருந்தினர் படுக்கும் இடத்தையும் அவர்கள் தொடவில்லை. ஒரு வீட்டுக்கு எத்தனை விரிப்புகள் போதும் என்று எண்ணிக் காட்டும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. விருந்தினருக்குரியது அந்தக் கணக்குக்குள் வருகிறது, மிகுதியானது வருவதில்லை. கூடத்தின் தென்மூலையில் ஒருவர் படுக்கும் அளவு தரை எந்நாளும் காலியாகவே இருந்தது. கப்பலின் நீளத்தை நாடாவால் அளக்கும் முன் அந்த மூலையை அளந்து ஒதுக்கிவிடுவார்கள்.

அப்படியானால் பிரிக்காத பெட்டிகள் ஏழு எப்படிச் சேர்ந்தன? இதைப் பற்றி எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மேல்நாட்டில் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்களிடையே ஒரு கேலிச்சொல் உண்டு; ‘ஆயுளுக்கு மிஞ்சிய குவியல்’ என்று அதைத் தமிழாக்கலாம். கட்டி முடிக்க மனிதனுக்கு நாள் போதாது என்று தெரிந்தும் வாங்கி அடுக்குவது. தகாஸுர் சூரா எதைப் பற்றி எச்சரிக்கிறது என்பதை ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கும் நாம் அந்தக் கேலியைச் சிரித்துவிட்டுக் கடக்க முடியாது. மூத்தவர் அதை விரயம் என்றே சொல்வார். இளையவருடைய பார்வை வேறு. அவர் இன்று அதே பெட் ஸ்பேஸில் படுப்பவர். வளைகுடாவில் இருப்பவர் வாங்குவது பொருளையன்று, ஊர் திரும்பிய பிறகு கிடைக்கப்போகும் ஓய்வை என்கிறார் அவர். அங்கே பணம் இருக்கும், நேரம் இருக்காது. இங்கே வந்தால் நேரம் இருக்கும் என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு பெட்டியும் முன்கூட்டியே வாங்கப்படுகிறது. அத்தாவுக்கு அப்படிக் கிடைத்தது இரண்டு ஆண்டுகள். அவற்றில் ஒன்றரை ஆண்டு டயாலிசிஸில் கழிந்தது.

கணக்கில் மட்டும் அவர்கள் பிசகவில்லை என்பதற்கு ஒரு நாட்குறிப்பு சாட்சி. ஒவ்வொரு பெட்டிக்கும் அளவு, வைத்திருக்கும் இடம், வாங்கிய நோக்கம் மூன்றும் எழுதப்பட்டிருந்தன. இரண்டு சிறிய பெட்டிகளுக்கு எதிரே ‘விற்க’ என்று இருந்தது. சொந்தப் பயன்பாட்டுப் பொருளுக்கு ஜகாத் இல்லை. விற்கும் நிய்யத்தில் வாங்கியது வியாபாரச் சரக்கு, அதற்கு 40இல் 1 உண்டு. சேகரிப்பாளர்கள் பலர் ‘பின்னால் விலை ஏறும்’ என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த வார்த்தையைச் சொல்லும்போதே நிய்யத்து எது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது. அத்தா அந்த இரண்டு பெட்டிகளுக்கும் ஆண்டுதோறும் சந்தை விலை போட்டு ஜகாத்தில் சேர்த்திருந்தார்கள்.

வஃபாத்தான அன்று அந்தக் கப்பல்கள் செய்ததை எழுதியாக வேண்டும். மய்யித்தைக் குளிப்பாட்ட இடம் வேண்டும். பெண்கள் உட்கார அறை வேண்டும். கூடத்தில் கிடத்த வேண்டும். கட்டிலைப் பிரித்தபோது பெட்டிகள் வெளியே வந்தன. பக்கத்து வீட்டார் ஒரு சொல்லும் கேட்காமல் ஏழு பெட்டிகளையும் தம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோனார்கள். டைட்டானிக் பெட்டியை இரண்டு பேர் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடித்துத் தெருவில் கொண்டுபோனதைப் பார்த்த சிறுவன் ஒருவன் அதற்குள் யார் இருக்கிறார் என்று கேட்டான். காட்டி சார்க்கை நகர்த்த முடியவில்லை. அது கிழக்குச் சுவரில் அப்படியே நின்றது. ஜனாஸா புறப்படும்போது அதன் கயிறுகளில் யாருடைய தோளும் படாமலிருக்க ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பெட்டிகள் 12 நாள் அடுத்த வீட்டுத் திண்ணையில் இருந்தன. அந்த வீட்டுப் பெரியவர் வழக்கமாகப் படுக்கும் திண்ணை அது.

அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத், அதன் பிறகே பங்கு. கடன் ஒன்று இருந்தது: கடைசிக் கார்கோவுக்கு நண்பர் ஒருவர் கொடுத்த தொகை. நாட்குறிப்பில் இருந்தபடியே கொடுத்தோம். கப்பல்கள் குறித்து வஸிய்யத் எதுவும் இல்லை. அத்தாவின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டதால் வாரிசுகள் நால்வர். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சம் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. முழுவதையும் 40 பங்காக்கினால் அம்மாவுக்கு 5, சகோதரிக்கு 7, ஆண்கள் இருவருக்கும் 14, 14. வீட்டின் பங்கு தனிக்கதை. அம்மா இருக்கும்வரை அதில் யாரும் கைவைப்பதில்லை என்று எழுதிக்கொண்டோம். கப்பல்களை மட்டும் உடனே பிரிக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி முற்றி, உயர்த்திய கட்டிலில் ஏற முடியவில்லை. செங்கற்களை எடுத்தால் பெட்டிகளுக்கு இடமில்லை.

கப்பல் மாதிரிக்கு விலை சொல்ல ஊரில் யார் இருக்கிறார்கள்? பழைய பேப்பர் கடைக்காரர் பெட்டிகளின் அட்டையை மட்டும் எடைபோட்டு 108 ரூபாய் என்றார். பிளாஸ்டிக்கையும் சேர்த்தால் பார்த்துத் தருகிறேன் என்றார். சென்னையில் இத்தகையவற்றைச் சேர்க்கும் ஒருவர் படங்களைப் பார்த்து வேறொரு விலைப் பட்டியல் அனுப்பினார். ஹஜ்ரத்திடம் கேட்டோம். பிரிக்கும் நாளில் உண்மையாக வாங்க ஆள் இருக்கும் விலையே விலை, வாரிசுகள் எல்லாரும் மனம் ஒப்ப வேண்டும், பிரியத்தை விலையில் ஏற்ற வேண்டாம் என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தை எங்களுக்குப் பெரிதும் உதவியது. மொத்தம் 80,000 ரூபாய் என்று முடிவாயிற்று. 40இல் ஒரு பங்கு 2,000.

கப்பலை அறுத்துப் பங்கிட முடியாது. ஒரு வாரிசு தம் பங்குக்குப் பகரமாகக் குறிப்பிட்ட பொருளையோ தொகையையோ பெற்று விலகிக்கொள்ளலாம் என்ற முறை நம் ஃபிக்ஹில் உண்டு; தகாருஜ் என்பார்கள். இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் பிரிவினை புதிதன்று. அரியலூர் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002இல் சேர்ந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. எங்களுடையது ஒரே அமர்வில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் முடிந்தது.

சகோதரி எம்டனையும் மரத்தாலான அரபுக் கலத்தையும் கேட்டார். 5,000, 9,000. சரியாக 14,000. அவர் கணவருக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை. குடியிருப்பில் இரண்டே அறைகள். காலையில் துடைத்த கண்ணாடி மாலையில் வெளுத்திருக்கும் ஊர் அது. கப்பலின் கயிறுகளில் தூசி படிந்தால் துடைக்கவும் முடியாது, ஊதவும் முடியாது. மென்தூரிகையால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஆகவே இரண்டும் கண்ணாடிப் பேழைக்குள்ளேதான் போயின. அந்தத் தூசியின் மூலம் சுண்ணாம்புக்கல். அந்தக் கல் ஒரு காலத்தில் இங்கிருந்த கடலின் அடித்தரை. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் அந்தக் கடலின் சங்குகளைப் பார்த்திருப்பார்கள். சிறு வயதில் எங்களை அத்தா சாத்தனூருக்கு அழைத்துப்போய், கல்லாக மாறிய 18 மீட்டர் மரத்தைக் காட்டியதுண்டு. கடலில் அடித்துவரப்பட்டுப் புதைந்த அந்த அடிமரத்தை ‘நம் மாவட்டத்தின் முதல் மரக்கலம்’ என்பார்கள். 200இல் ஒரு பங்கானால் 9 செ.மீ., சட்டைப்பையில் வைக்கலாம் என்று கணக்கும் சொல்வார்கள்.

மூத்தவருக்குக் காட்டி சார்க், விக்டரி பெட்டி, ஒரு சரக்குக் கப்பல், மூன்றும் 20,000. மீதி 8,000க்கு பிஸ்மார்க் பெட்டி விற்கும்போது எடுத்துக்கொள்வது என்று பேச்சு. பெரம்பலூரில் அவர் வீடு இரண்டாவது மாடி. படிக்கட்டின் திருப்பத்தில் காட்டி சார்க்கின் பாய்த்தண்டுகள் இருபுறமும் இடித்தன. கடைசியில் மேலாடை மாட்டும் கம்பியில் கப்பலைத் தொங்கவிட்டு, பால்கனி வழியாகக் கயிற்றால் ஏற்றினார்கள். கீழே நின்று பிடித்தது சகோதரியின் கணவர். சரக்குக் கப்பலை மூத்தவர் தம் பங்கிலிருந்து மக்தப் பிள்ளைகளின் நூலக அலமாரிக்குக் கொடுத்துவிட்டார். இளையவர் கப்பல் எதுவும் வேண்டாம் என்றார். அவர் கட்டிலடியில் ஏற்கெனவே இரண்டு சூட்கேஸ்கள் இருக்கின்றன. டைட்டானிக்கும் சிறிய பெட்டிகள் நான்கும் சென்னைக்காரருக்குப் போய் 38,000 வந்தது. அதில் 28,000 இளையவருக்கு, 10,000 அம்மாவுக்கு.

அப்போதுதான் அம்மா, பட்டியலில் இல்லாத பன்னிரண்டாவது ஒன்று பீரோவின் மேல் இருக்கிறதே, அது யாருக்கு என்று கேட்டார்கள்.

அது பெட்டியில் வாங்கியதன்று. ரஜூலா என்ற கப்பல். 1926இல் கட்டப்பட்டு, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. 1974இல் உடைக்கப்பட்டது. அத்தாவின் தந்தை அதில்தான் பினாங்குக்குப் போனார்கள், நாகப்பட்டினத்தில் படகேறி, கடலில் நின்ற கப்பலுக்கு. டைட்டானிக்குக்கும் பிஸ்மார்க்குக்கும் எத்தனையோ அளவுகளில் பெட்டிகள் உண்டு. நம் தாத்தாமாரைச் சுமந்த கப்பல் எந்தக் கடையிலும் எங்களுக்கு அகப்படவில்லை. அருகிலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 1025இல் கடாரத்துக்குப் போன கலங்களின் வரைபடமே நமக்கு மிஞ்சவில்லை எனும்போது ரஜூலாவைச் சொல்லி என்ன? கிடைத்த சில புகைப்படங்களைக் கொண்டு, சுமார் 145 மீட்டர் கப்பலை 73 செ.மீ.யாக்கி, அத்தா தாமே செய்யத் தொடங்கியிருந்தார்கள். பொருள், பழைய கப்பல் பெட்டிகளின் அட்டை. ஒரு பெட்டி காலியானால் அதை வெட்டி ரஜூலாவில் ஒட்டுவார்கள். ஒன்றின் இடம் மற்றதற்கு. அடிக்கட்டும் மேல்தளமும் முடிந்திருந்தன. தளம் முழுதும் தகரப் பெட்டிகளும் சுருட்டிய பாய்களும் நெல்மணி அளவில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. ஆள் ஒருவர்கூட இல்லை. பாய்மரக் கம்பங்கள் நடப்படவில்லை.

சென்னைக்காரர் அந்தப் படத்துக்கு விலை எதுவும் எழுதவில்லை. பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. விலையில்லாததை 40ஆல் எப்படி வகுப்பது என்று ஹஜ்ரத்திடம் தொலைபேசியில் கேட்டோம். மூவரும் உளமார விட்டுக்கொடுத்தால் உங்கள் தாயார் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். விட்டுக்கொடுத்தோம். அம்மாவிடம் அதைக் கீழே இறக்கிக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கலாமா என்று கேட்டபோது, பேழை இன்னும் ஒரு சாண் இடத்தை அடைக்கும், பழைய துப்பட்டா போட்டு மூடினால் போதும் என்றார்கள்.

கட்டிலின் செங்கற்களை எடுத்துவிட்டோம். பிஸ்மார்க் பெட்டிக்கு இன்னும் ஆள் வரவில்லை. அது மூத்தவர் வீட்டுக்கும் போக வழியில்லாமல், அதே அடுத்த வீட்டுத் திண்ணையின் பரண்மீது இருக்கிறது. இளையவர் ரமளான் விடுமுறையில் வரும்போது கம்பங்களுக்கு இரண்டு மி.மீ. பித்தளைக் கம்பி வாங்கிவரும்படி அம்மா சொல்லியிருக்கிறார்கள். வாசகர்களில் யாரிடமேனும் ரஜூலாவின் பின்பக்கம் தெளிவாகத் தெரியும் பழைய புகைப்படம் இருந்தால், ஒரு பிரதி கிடைத்தாலும் உதவியாக இருக்கும்.